கடலட்டையிலிருந்து புரதத்தூள்: திருகோணமலையில் சிறு அளவில் செய்ய முழுமையான வழிகாட்டி

குச்சவெளிப் பக்கத்துக் கரையோர மீன்வாடியொன்றில் காய்ந்த கடலட்டையைத் தரம் பிரிக்கும்போது அருகில் உட்கார்ந்து பார்த்தால், பெரியது ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம் என்று குவியும். சுளகின் ஓரத்தில் இன்னொரு சின்னக் குவியலும் சேரும். வயிறு அளவுக்கு மேல் பிளந்தது, தோல் உரிந்தது, அவிக்கும்போது கோணிப்போனது, நுனி முறிந்தது எல்லாம் அதில் கிடக்கும். சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் போகிற சரக்கில் உருவத்துக்குத்தான் விலை. அதனால் அந்த ஓரக் குவியலுக்குக் கிடைக்கும் காசு மிகக் குறைவு. ஆனால் முறிந்த அட்டையில் இருக்கும் புரதம் முழு அட்டையில் இருக்கும் அதே புரதம்தான்.

நான் உப்புவெளியில் சிறிய அளவில் சத்துமா தயாரிக்கிறேன். அந்த ஓரக் குவியலை வாங்கி, கரையக்கூடிய புரதத்தூளாக்கி, சத்துமாவில் கலப்பதுவரை படிப்படியாகக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நம் கரையில் பிடிபட்டாலும் இதை நம் வீடுகளில் யாரும் சமைப்பதில்லை. நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன். செய்வதென்றால் சுத்தமாகவும், கடலைக் காலி பண்ணாமலும், வாங்குகிறவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியும் செய்ய வேண்டும்.

முதலில் இந்தச் சதையைப் புரிந்துகொள்வோம்

உயிருள்ள அட்டையின் உடற்சுவரில் 80 முதல் 90 சதவீதம் தண்ணீர். கொழுப்பு மிகக் கொஞ்சம். காய்ந்தபின் எடையில் ஏறக்குறைய பாதி, சில இனங்களில் அதற்கும் மேல், புரதம். அந்தப் புரதத்தில் பத்தில் ஏழு பங்கு கொலாஜன். நம் தோலையும் மூட்டு நாரையும் கட்டி வைத்திருக்கிற அதே வகைப் புரதம் இது.

இதில் நல்லதும் உண்டு, குறையும் உண்டு. கிளைசின், அலனின், குளுட்டமிக் அமிலம், புரோலின் போன்ற அமினோ அமிலங்கள் நிறைய. டிரிப்டோபன் மிகச் சொற்பம், லைசினும் குறைவு. இவ்விரண்டும் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாதவை. ஆகவே அட்டைப் புரதத்தை மட்டும் நம்பி ஒரு பிள்ளையை வளர்க்க முடியாது. முட்டைக்கும் பருப்புக்கும் பதிலாக இதை வைக்கக் கூடாது, அவற்றோடு சேர்க்க வேண்டும். சத்துமாவை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம். பயறும் உழுந்தும் லைசினைத் தரும், தானியங்களும் கச்சானும் (நிலக்கடலை) மற்றவற்றை நிரப்பும்.

புரதத்தோடு வேறு சில பொருள்களும் இந்தச் சதையில் வரும். ஃபியூக்கோஸ் சேர்ந்த கொண்ட்ராய்டின் சல்பேட்டு ஒன்று. அதற்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் தன்மை உண்டு. அடுத்தது ஹோலோதூரின் எனப்படும் சபோனின்கள். எதிரி வந்தால் அட்டை வெளிவிடும் நஞ்சு அது. பசிபிக் தீவுகளில் இந்த நஞ்சைக் கொண்டு கரையோரக் குட்டைகளில் மீனை மயக்கிப் பிடித்திருக்கிறார்கள். இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

எந்த அட்டை, எங்கிருந்து

இங்கே வெள்ளை அட்டைக்குத்தான் மதிப்பு. அறிவியலில் ஹோலோதூரியா ஸ்காப்ரா. அடுத்து ராஜா அட்டை. நூல் அட்டை விலை குறைந்தது. தொட்டால் பின்பக்கத்தால் வெள்ளை நூல் நூலாகக் கக்கும், கையில் ஒட்டினால் லேசில் போகாது. அந்த நூலோ நீரோ கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கவனம்.

புரதத்தூளுக்கு நூல் அட்டையும் மற்ற இனங்களின் உடைசலும் போதும். வெள்ளை அட்டையை முழுசாக வாங்கி அரைப்பது காசுக்கும் நட்டம், கடலுக்கும் நட்டம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது அருகிவரும் இனம். அட்டை இனம் பெருகும் விதத்தைப் பார்த்தால் ஏன் இவ்வளவு கவலை என்று விளங்கும். ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விடுகின்றன, அங்கேதான் கரு உருவாக வேண்டும். இடையிடையே பிடித்துப் பிடித்து ஒன்றுக்கொன்று தூரமாகிவிட்டால், உயிரோடு இருக்கிற அட்டைகளும் பெருக மாட்டா. ஆகவே, "பொடிக்குத்தானே, சின்னதென்றாலும் பரவாயில்லை" என்று ஒரு சுழியோடியிடமும் சொல்லாதீர்கள். விரல் நீள அட்டைக்கு நாம் சந்தை உண்டாக்கினால் இரண்டு மூன்று பருவத்தில் பிடிக்க ஒன்றும் இருக்காது. நான் ஏற்கனவே காய்ந்து தரம் பிரித்த சரக்கின் கழிவை மட்டுமே வாங்குகிறேன். புதிதாக ஒரு அட்டையும் எனக்காகக் கடலிலிருந்து வருவதில்லை.

சட்டம்: இலங்கையில் அட்டை குளிக்கவும் (சுழியோடிப் பிடிக்கவும்), கொண்டுபோகவும், ஏற்றுமதி செய்யவும் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வாடி முதலாளியிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டு, பற்றுச்சீட்டையும் வாங்கி வையுங்கள். வயிற்றோரத்தில் முலைபோல் புடைப்புள்ள பெரிய இனங்கள் மூன்று 2020 ஓகஸ்ட் முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அவற்றின் உடைசல் கலந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: இந்தியாவில் 2001 முதல் எல்லாக் கடலட்டைகளும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே அங்கே குற்றம். இந்த வழிகாட்டி அங்கே பயன்படாது.

இடத்தையும் கேளுங்கள். அட்டை மணலையும் சேற்றையும் விழுங்கி, அதிலுள்ள உணவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விடுகிறது. அடிமணலில் என்ன இருக்கிறதோ அது அட்டைக்குள்ளும் வரும். உள்துறைமுகம், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிப் பக்கம், கப்பல் கட்டும் இடங்கள் ஆகியவற்றின் சரக்கை நான் எடுப்பதில்லை. கிழக்கில் கடல் அடங்கி இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரைதான் குளிப்பும் நடக்கும். வாங்குவதையும் அந்த மாதங்களிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

உயிர் அட்டையா, காய்ந்த அட்டையா

காய்ந்ததையே எடுங்கள். ஏன் என்பதை ஒரு வாளி அட்டை எனக்குக் கற்பித்தது. தொடங்கிய புதிதில் நிலாவெளியில் ஒரு நானாவிடம் உயிர் நூல் அட்டை நாலைந்து கிலோ வாங்கினேன். "தம்பி, ஐஸ் கொண்டாந்தனீங்களா? இல்லாட்டி இங்கயே வயித்தக் கீறி அவிச்சிக் கொண்டு போங்க" என்றார். உப்புவெளி எவ்வளவு தூரம், அரை மணி நேரம்தானே என்று வாளியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு வேலைக்காக நிறுத்தினேன், நல்ல உச்சி வெயில். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால், மேலே கிடந்த இரண்டு அட்டைகள் கையில் எடுக்க எடுக்க விரலிடுக்கால் வழிந்தன. தோலும் இல்லை, சதையும் இல்லை, மூக்குச்சளி மாதிரி ஒன்று. கீழே கிடந்தவையும் மாலைக்குள் அப்படியே ஆயின.

அட்டையின் உடற்சுவர் இறுகவும் தளரவும் கூடிய இழையால் ஆனது. வெப்பமோ நெருக்குதலோ வந்தால் தளரும். தளர்ந்ததும் அதற்குள்ளேயே இருக்கும் நொதியங்கள் (என்சைம்கள்) சதையைத் தின்னத் தொடங்கும். ஒரு முறை தொடங்கினால் நிறுத்த சூடு ஒன்றுதான் வழி. வாடியில் அதனால்தான் வந்த உடனே குடலை எடுத்து அவித்துவிடுகிறார்கள்.

உயிர் அட்டையில்தான் செய்வேன் என்பவர்களுக்குச் சுருக்கமாக: பிடித்த படகிலேயே ஐஸ், கரைக்கு வந்ததும் வாய்க்கு எதிர்ப்பக்கத்தில் சின்னக் கீறல், குடலைப் பிதுக்கி எடுத்தல், கடல்நீரில் கழுவல், உடனே கொதிநீர். கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை அட்டையில் பத்துக் கிலோ உயிர் எடை காய்ந்தால் அரைக் கிலோ அளவில்தான் நிற்கும்.

படி 1: ஊறவைத்தல்

ஒரு கிலோ காய்ந்த உடைசலை எடுங்கள். வாங்கும்போதே மோந்து பாருங்கள். கருவாட்டு வாசம் இருக்கலாம், அழுகல் வாடையும் அமோனியா நெடியும் இருக்கக் கூடாது. பூஞ்சணம் பிடித்த துண்டைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அதை எறியுங்கள்.

தூரிகையால் தூசியைத் தட்டி, நல்ல குடிதண்ணீரில், குளிர்சாதனப் பெட்டிக்குள் 36 முதல் 48 மணி நேரம் ஊறவையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். வெளியில் வைத்து ஊறவைத்தால் இந்த வெக்கைக்கு ஒரே இரவில் கெட்டுவிடும். ஊற ஊற உப்பு இறங்கும், கல்லுப்போல் இருந்த துண்டு ரப்பர் மாதிரி மெதுவாகிப் பல மடங்கு பெருக்கும். நடுவில் வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகக் காய்ந்த மையம் இருக்கக் கூடாது. இருந்தால் இன்னும் ஒரு நாள்.

படி 2: சுண்ணாம்பை எடுத்தல்

இது பலரும் தாண்டிப்போகிற படி, தூளின் தரம் இங்கேதான் நிர்ணயமாகிறது. அட்டையின் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துணிக்கைகள் இலட்சக்கணக்கில் இருக்கும். வெள்ளை அட்டையில் அதிகம். வாடிகளில் அவித்த அட்டையை இரவு முழுக்க ஈரமணலில் புதைத்து, மேல்தோலை இளகவிட்டுத் தேய்த்துக் கழுவுவது இதற்காகத்தான். சில இடங்களில் பப்பாசி இலை போட்டும் தேய்ப்பார்கள். உடைசல் சரக்கில் அந்தத் தேய்ப்பு அரைகுறையாகவே இருக்கும். அப்படியே அரைத்தால் தூள் நாக்கில் மணல்போல் நறநறக்கும், புரத அளவும் காகிதத்தில் விழுந்துவிடும்.

ஊறிய துண்டைப் பிளந்து, உட்பக்கத்து மணலையும் குடல் மிச்சத்தையும் பழைய பற்தூரிகையால் தேய்த்து எடுங்கள். பிறகு சாதாரண வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து அதில் போடுங்கள். கிட்ட வைத்துப் பாருங்கள்: சில நொடியில் தோலெங்கும் ஊசிமுனைக் குமிழிகள் பூக்கும், துண்டு மெல்ல மேலே மிதந்து வரும். அது சுண்ணாம்பு கரைந்து காபனீரொட்சைட்டு வெளியேறுவது. குமிழி அடங்கினதும் கலவையை மாற்றி இன்னொரு முறை. இரண்டாம் தடவை குமிழி வராவிட்டால் போதும். எலுமிச்சை உப்பும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் அதில் உண்டாகும் கல்சியம் சிற்றேற்று இலகுவில் கரையாமல் சதையிலேயே தங்கும். வினாகிரியில் உண்டாவது கரைந்து போய்விடும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் வினாகிரிக் கலவையில் விடாதீர்கள், கொலாஜன் ஊதிப் பஞ்சாகிக் கழுவமுடியாமல் போகும். முடிந்ததும் புளிப்பு வாசம் போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். புளிப்பை அளக்கும் பிஎச் தாள் வைத்திருந்தால் 6க்கு மேல் வர வேண்டும்.

படி 3: அவித்து நீரைக் கொட்டுதல்

புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் மெல்லிய கொதியில் அவித்து, அந்தத் தண்ணீரை முழுவதும் கொட்டுங்கள். முன்பு சொன்ன சபோனின் தண்ணீரில் கரையும், நன்றாகக் குலுக்கினால் சவர்க்கார நுரைபோல் வருவதைப் பார்க்கலாம். கொஞ்சம் கொலாஜனும் கரைந்து போகும்தான், அதற்காகத் தயங்க வேண்டாம். நுரை அதிகம் என்றால் இன்னொரு தடவை பத்து நிமிடம்.

அந்த நீரை வாய்க்காலிலோ மீன் தொட்டிக்குப் பக்கத்திலோ களப்பிலோ ஊற்றாதீர்கள். மீனுக்கு அது நஞ்சு. மண்ணில் குழி வெட்டி ஊற்றுங்கள்.

படி 4: நொதியத்தால் சிதைத்தல்

இனித்தான் தூள் உருவாகும் இடம். அவித்த சதையை அப்படியே காயவைத்து அரைத்தாலும் ஒரு தூள் கிடைக்கும். ஆனால் அது தண்ணீரில் கரையாது, சூடான கஞ்சியில் போட்டால் பசைபோல் திரளும். நீண்ட கொலாஜன் இழைகளைச் சிறு துண்டுகளாக, அதாவது பெப்டைட்டுகளாக வெட்டினால் கரையும், சமிக்கும். இரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள ஏசிஈ நொதியத்தை மட்டுப்படுத்துவது, ஒட்சியேற்றத்தைத் தடுப்பது என்று ஆய்வுகூடங்களில் அட்டைக்குச் சொல்லப்படும் குணங்கள் பலவும் இந்தச் சிறு துண்டுகளில்தான் காணப்பட்டிருக்கின்றன.

எந்த நொதியம்? ஆய்வுகளில் அல்கலேஸ், டிரிப்சின், பெப்சின், பப்பெயின் என்று பலவும் பயன்படுகின்றன. நமக்கு நான் சொல்வது பப்பெயின், பப்பாசிப் பாலிலிருந்து வருவது. கடையில் விற்கும் பெப்சின் பெரும்பாலும் பன்றி இரைப்பையிலிருந்து எடுப்பது. முஸ்லிம் மக்கள் அதிகம் வாழும் கிண்ணியாவிலும் மூதூரிலும் விற்க நினைத்தால் அந்த ஒன்றே போதும், வேலை முடிந்தது. கடல்வாழ் உயிர்களை உண்பது பற்றி அந்த மக்களிடம் மார்க்கத் தெளிவு இருக்கிறது, மலேசிய முஸ்லிம்கள் கமாத் என்ற பெயரில் அட்டையை நெடுங்காலமாக மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். நொதியத்தின் மூலத்தை மறைத்து அந்த நம்பிக்கையைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை. மரக்கறி உண்பவர்கள் எப்படியும் இதை வாங்க மாட்டார்கள். ஆனால் மீன் உண்டாலும் மாட்டிலிருந்து வரும் கொலாஜனை விரும்பாத சைவசமயக் குடும்பங்கள் இதைக் கேட்டு வாங்குகின்றன.

பப்பாசிக் காயைக் கீறிப் பால் எடுத்து நீங்களே பப்பெயின் செய்ய வேண்டாம். வீரியம் ஒவ்வொரு நாளும் மாறும். உணவுத்தரத் தூளாக வாங்குங்கள், பொதியில் வீரியம் எழுதியிருக்க வேண்டும்.

செய்முறை இதுதான். அவித்த சதையை இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் இரண்டு தடவை அரையுங்கள். ஒரு கிலோ அரைத்த சதைக்கு மூன்று லீற்றர் தண்ணீர். 90 பாகை செல்சியஸில் இருபது நிமிடம் சூடாக்குங்கள், இடுங்கிக் கிடக்கும் இழைகள் விரியும், கிருமியும் சாகும். 60 பாகைக்கு இறங்கியதும் பிஎச் 6.5 முதல் 7க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். புளித்திருந்தால் அப்பச்சோடா ஒரு சிட்டிகை. பிறகு பப்பெயின் 5 முதல் 10 கிராம், சிறிது வெதுநீரில் கரைத்து ஊற்றுங்கள்.

அடுத்த மூன்று நாலு மணி நேரம் வெப்பநிலையை 58 முதல் 62 பாகைக்குள் வைத்திருப்பதுதான் முழு வேலையும். பெரிய சட்டியில் தண்ணீர் வைத்து, அதற்குள் இந்தச் சட்டியை இறக்கினால் சூடு நிதானமாக இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிண்டுங்கள். 50க்குக் கீழே விட்டால் நொதியம் சோம்பும், கிருமி சுறுசுறுப்பாகும். வெப்பமானி இல்லாமல் விரலை விட்டுப் பார்த்துச் செய்யலாம் என்று நினைப்பவர்கள் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

முடிந்ததா என்று அறிய ஒரு கைவழி. ஒரு மேசைக்கரண்டி சாற்றைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். கிண்ணத்தைச் சரித்தால் ஜெலிபோல் ஆடி நின்றால் இழைகள் இன்னும் நீளம், தொடருங்கள். குளிர்ந்த பிறகும் தண்ணீர்போல் ஓடினால் வெட்டுப்பட்டுவிட்டது. நான் முதல் தடவை இரண்டு மணி நேரத்தில் நிறுத்தியபோது கிண்ணம் கவிழ்த்தாலும் விழாத ஜெலி கிடைத்தது. நாலாம் மணியில் எடுத்த கிண்ணம் தேநீர்போல் வழிந்தது. அதற்காக எட்டு மணி நேரம் விடவும் கூடாது, கசப்பு ஏறும்.

உடனே 90 பாகைக்கு மேல் ஏற்றி பதினைந்து நிமிடம் வையுங்கள். பப்பெயின் சூட்டைத் தாங்கும் நொதியம், இந்தப் படியில் அவசரப்பட்டால் பின்னால் கலக்கும் பயற்றம்மாவையும் அது தின்னத் தொடங்கும்.

படி 5: வடித்தல், வற்றவைத்தல், உலர்த்தல்

நெருக்கமான பருத்தித் துணியில் இரண்டு முறை வடித்து, ஒரு மணி நேரம் அடங்க வைத்துத் தெளிவை மட்டும் எடுங்கள். அடிமண்டியை நன்றாகக் கழுவித் தென்னைக்குப் போடலாம்.

தெளிவைத் தண்ணீர்ச் சட்டி முறையிலேயே தேன் பதத்துப் பாகு ஆகும்வரை வற்றவையுங்கள். நேரடி நெருப்பில் வைத்தால் அடிப்பிடித்துக் கருகும். இங்கிருந்து பெரிய தொழிற்சாலைகள் தெளித்து உலர்த்தும் இயந்திரத்துக்குப் போய்விடும். நம்மிடம் இருப்பது தட்டு உலர்த்தி. இந்தப் பாகுவைத் தனியாகத் தட்டில் ஊற்றி 60 முதல் 65 பாகை செல்சியஸில் காயவைத்தால் கண்ணாடிபோல் வரும், ஆனால் தட்டை விட்டு வராது, வந்தாலும் காற்றுப்பட்ட மறுநிமிடம் பிசுபிசுக்கும். நான் கண்ட எளிய வழி: வறுத்து அரைத்த பயற்றம்மாவில் பாகை விட்டுப் பிசைந்து, புட்டுக்குக் குழைப்பதுபோல் உதிர்த்து, மெல்லிய படையாகப் பரப்பிக் காயவைப்பது. பயறு பாகைத் தாங்கும், குறைந்த அமினோ அமிலத்தையும் நிரப்பும். கையில் நெரித்தால் பொருக்கென்று உடையும்வரை உலர்த்தி அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பாகு, எவ்வளவு மா என்று ஒவ்வொரு தடவையும் நிறுத்து எழுதி வையுங்கள். பொதியில் எழுத வேண்டிய கணக்கு அதிலிருந்துதான் வரும்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஈயும் தூசியும் விழும் முற்றத்தில் புரதப்பாகு வைப்பது சரியில்லை. வாடைக் காலத்திலோ தூள் ஒரே இரவில் கட்டிதட்டும். என் முதலாம் வருடச் சரக்கில் பாதி நவம்பர் மழையில் பாறையாகிவிட்டது. அலுமினியப் படை உள்ள பை, உள்ளே ஈரமுறிஞ்சிப் பொட்டலம், 200 கிராமுக்கு மேற்படாத பொதி. இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 6: சோதனை

முதல் தொகுதியை விற்பதற்கு முன் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். ஈரப்பதன், சாம்பல், உப்பு, புரதம், ஈயம், கட்மியம், பாதரசம், ஆசனிக்கு, சல்மோனெல்லா, ஈகோலை, மொத்தக் கிருமி எண்ணிக்கை. ஆசனிக்கு விடயத்தில் ஒன்று கவனியுங்கள்: கடல் உயிர்களில் இருப்பது பெரும்பாலும் தீங்கு குறைந்த சேதன வடிவம். மொத்த ஆசனிக்கு கூடுதலாக வந்தால் பதறாமல், அசேதன ஆசனிக்கைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். அதுதான் கூடாதது.

புரத அளவில் பெரிய ஏமாற்று இருக்கிறது, பல நேரம் தெரியாமலேயே நடப்பது. ஆய்வுகூடம் அளப்பது நைதரசனை. அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று தருவார்கள். அது பொதுவான உணவுக்குச் சரி. கொலாஜனில் நைதரசன் கூடுதல், ஆகவே ஜெலற்றினுக்குரிய 5.55ஆல் பெருக்குவதே நியாயம். நைதரசன் 12 சதவீதம் என்றால் முதற்கணக்கில் 75, இரண்டாம் கணக்கில் 66.6. பொதியில் நான் குறைந்த கணக்கையே போடுகிறேன். பயற்றோடு கலந்த தூளுக்கு இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். பாகை மட்டும் ஒரு முறை சோதித்து வைத்துக்கொண்டால் இது சுலபம்.

படி 7: உணவில் சேர்த்தல்

கொலாஜன் பெப்டைட்டு பற்றி மனிதர்களில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் நாளொன்றுக்கு 2.5 முதல் 15 கிராம் வரை கொடுத்துப் பார்த்தவை. அவை மாடு, பன்றி, மீன் கொலாஜன். நான் ஒரு வேளைக்கு ஐந்து கிராம் அட்டைப் புரதம் வரும்படி கலக்கிறேன்.

சத்துமா ஒரு கிலோவுக்கு: வறுத்த குரக்கன் 400 கிராம், பயறு 250, உழுந்து 150, கச்சான் 100, பயறு சேர்க்காத நிறையில் 100 கிராம் வரும்படி அட்டைப் புரதம். பாகைப் பயற்றில் ஏற்றியிருந்தால் அந்தப் பயற்றை 250இல் கழித்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிராம் மாவில் ஐந்து கிராம் வந்துவிடும். கடல் வாசத்தை மறைக்க வறுத்த குரக்கனே பாதி வேலையைச் செய்யும், மீதிக்கு வேர்க்கொம்பும் ஏலமும். சீனியை ஏற்றி மறைக்க வேண்டாம், இனிப்போடு மீன்வாசம் சேர்ந்தால் இன்னும் மோசம்.

உப்புச் சுவையில் இது இன்னும் நன்றாகப் பொருந்தும். ஒடியல் கூழ் இறக்கும்போது ஒரு கரண்டி போட்டால் கூழின் நண்டு, இறால் வாசத்துக்குள் தனியாகத் தெரியவே தெரியாது. என் அம்மம்மா, எண்பது வயது கடந்தவர், அட்டை என்றாலே முகம் சுளிப்பவர். அவருக்குச் சொல்லாமல் கொடுப்பது சரியில்லை என்று முதலிலேயே சொன்னேன். "உதைப் போய் ஆர் தின்னுறது" என்றவர், ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "கூழ் கொஞ்சம் தடிப்பு, புளி காணாது" என்றார். அட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. அன்றிலிருந்து பழப்புளியைக் கொஞ்சம் கூட்டிப் போடுகிறேன், அவர் சொன்னது சரி.

யாருக்குக் கொடுக்கக் கூடாது, என்ன எழுதக் கூடாது

இரத்தம் உறையாமலிருக்க வார்பரின், குளோபிடோகிரெல், அஸ்பிரின் குடிப்பவர்கள், சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுத்தவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். உறைவைத் தடுக்கும் பொருள் சதையில் இருக்கிறது, நம் தூளில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று வீட்டில் அளக்க வழியில்லை. இறால், நண்டு ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு நான் கொடுப்பதில்லை. கச்சான் கலந்திருப்பதையும் அட்டை கலந்திருப்பதையும் பெரிய எழுத்தில் முன்பக்கத்திலேயே போடுங்கள்.

ஒரு கடைக்காரர், "மூட்டுவலி, பிறஷர், புண் எல்லாம் தீரும் எண்டு ஒட்டுங்கோ, பறக்கும்" என்றார். அட்டைப் பெப்டைட்டு பற்றிச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி சோதனைக் குழாயிலும் எலியிலும் பார்த்தது, மனிதரில் பார்த்தது சொற்பம். பிறஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு நம் மாவைக் குடிக்கும் ஒரு அப்பாவை நினைத்துப் பாருங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் தவறான விளம்பரத்தைத் தடுக்கிறது. நான் எழுதுவது: "கடலட்டைப் புரதம் சேர்ந்த சத்துமா, ஒரு வேளையில் 5 கிராம்." அவ்வளவுதான். அந்தக் கடையில் என் பொதி இப்போது இல்லை.

தயாரிக்கும் இடத்தைத் தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் காட்டுங்கள். ஊறவைக்கும் இடமும் உலர்ந்த தூளைப் பொதி செய்யும் இடமும் ஒரே அறையாக இருக்கக் கூடாது. ஒரே அறைதான் இருக்கிறதென்றால் பொதி செய்வதை வேறொரு நாளில், எல்லாவற்றையும் கழுவிக் காயவிட்ட பிறகு செய்யுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு இலக்கம் போட்டு, எந்த வாடியின் சரக்கு, எந்தத் திகதி, நொதியம் எத்தனை கிராம், எத்தனை மணி நேரம், குளிர்க் கிண்ணம் ஓடியதா நின்றதா என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பொதியில் அந்த இலக்கம் இருக்க வேண்டும். யாராவது வாங்கிய பையைத் திருப்பிக் கொண்டுவந்தால், அந்தக் கொப்பியைத் திறந்து அவர் முன்னாலேயே வாசித்துக் காட்டலாம்.